கையும் பொறியும்

கைத்தொழில் சிறந்ததா, இயந்திரம் சிறந்ததா என்று நம் பள்ளிகளில் சொற்போர் நிகழ்வதுண்டு. ஆயின், இவ்விரண்டுள் ஒன்றைத் தேர்ந்தவர் யார், எதனைக் கருதித் தேர்ந்தனர் என்னும் வினாவை எத்தரப்பாரும் எழுப்புவதில்லை. அதற்குச் சிங்கப்பூரின் கட்டடங்கள் விடை பகர்கின்றன.

1856ஆம் ஆண்டில் அங்குத் தூய அந்திரேயா பேராலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. நீராவிப் பொறி அந்நாளில் இங்கிலாந்தில் பெருவழக்காகிவிட்டது. எனினும், கட்டுவித்தோர் நாடியது இந்தியாவினின்று நாடு கடத்தப்பெற்ற கைதிகளின் கைகளையே. 1825 முதல் அங்குக் கொணரப்பெற்ற அக்கைதிகளுக்குக் கூலி பேசும் உரிமை இல்லை. கூலி கேளாத கை இருக்கையில் பொறிக்குப் பொருள் செலவிடுவார் யார்?

அக்கைகள் திறனற்றவை அல்ல. சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துச் சுவரில் பூசினர். காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். மதராஸ் சுண்ணாம்பு எனப் பெயர்பெற்ற வேலைப்பாடு இதுவே. 1861இல் ஆலயத்தில் முதல் வழிபாடு நடைபெற்றது. திட்டம் வரைந்த ரொனால்ட் மெக்பர்சனின் பெயர் நிலைத்தது. பூசியவருள் மிகப் பலரின் பெயர் மறைந்தது.

1873இல் கைதிச்சாலை மூடப்பெற்றது. ஆயினும் மலிவான உழைப்பைத் தேடும் போக்கு மாறவில்லை. 1933இல் பிறநாட்டார் சட்டம் சீன ஆடவரின் வருகைக்கு வரம்பிட்டது. பெண்களுக்குத் தொடக்கத்தில் அத்தடை இல்லை. குவாங்தோங் மாநிலத்தின் சம்சுய் வட்டாரத்துப் பெண்கள் திரளாக வந்தனர். சிவப்புத் தலைத்துணி அணிந்து, தோளில் தடி தாங்கி, மண்ணும் செங்கல்லும் சுமந்து, குறைந்த கூலிக்குப் பல்லாண்டு உழைத்தனர்.

மாற்றம் 1979இல் வந்தது. தேசியச் சம்பள மன்றம் மூன்றாண்டுக் காலம் உயர்ந்த ஊதிய ஏற்றத்தைப் பரிந்துரைத்தது. உழைப்பின் விலை ஏறினால் முதலாளிகள் இயந்திரத்தை நாடுவர் என்பது அதன் நோக்கம். 1980களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், முன்கூட்டியே வார்த்த கற்காரைப் பாகங்களைப் பாரந்தூக்கியால் பொருத்தும் முறையைப் பெருக்கியது.

பொறி வந்ததால் மனிதன் மதிப்பிழந்தான் என்பாருண்டு. இவ்வரலாறு காட்டுவது அதன் மறுதலை. உழைப்பின் மதிப்பு தாழ்ந்திருந்தவரை பொறி வாயிலிலேயே நின்றது. மதிப்பு உயர்ந்தபோதே அது உள்ளே நுழைந்தது. இன்றும் அந்நகரின் கட்டுமானத் தளங்களில் பாரந்தூக்கிகளின் கீழே தமிழகத்தாரும் வங்காளதேசத்தாரும் வேலை செய்கின்றனர். கையா, பொறியா என்று முடிவு செய்யும் அவையில் அவர்களுக்கு இருக்கை இல்லை.

மாணாக்கர்க்கு வரலாறு கற்பிக்கும் நாம், கட்டடத்தின் உயரத்தை மட்டும் சொல்லி அமைதல் தகாது. அதைச் சுமந்தவர் என்ன கூலி பெற்றார் என்பதையும் கேட்கப் பழக்குதல் வேண்டும்.