ஏற்றுதலும் இறக்குதலும்

ஒரு பொருளைப் பெறுதல் எளிது. பெற்றதை முறையாகத் திருப்பிக் கொடுத்தலே அரிது. இவ்வுண்மையை லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதனைத் தொடங்கினார். அதன் உட்கருவாகிய கேர்னலில், அச்சுப்பொறி, வட்டு முதலியவற்றை ஆளும் சாதன இயக்கிகளை வேண்டியபோது ஏற்றவும் வேண்டாதபோது இறக்கவும் பின்னர் வழி செய்யப்பட்டது. ஏறுங்கால் இயக்கி நினைவகத்தைப் பெறும். சாதனம் அனுப்பும் குறுக்கீட்டுச் சைகையை ஏற்கப் பதிவுசெய்யும். இறங்குங்கால் இவற்றைப் பெற்ற வரிசைக்கு எதிர்மாறாகவே விடுவித்தல் வேண்டும். நினைவகத்தை முன்னரே விடுவித்துவிட்டால், இடையே வரும் ஒரு சைகை இல்லாத இடத்தைத் தீண்டும்; கணினி முழுவதுமே நிலைகுலையக்கூடும்.

தன்னைப் பயன்படுத்துவோரின் தொகையை இயக்கியே எண்ணிக்கொள்வது பழைய முறை. உள்ளே நுழைந்தவர் எண்ணப்படுமுன்னரே இயக்கி அகற்றப்படுதல் கூடும். இத்தகைய பிழை பன்முறை மறைந்திருந்து ஒருமுறை தோன்றும். ஆதலின் அதனைக் கண்டுபிடித்தல் கடினம். 2002இல் ரஸ்டி ரஸல், இறக்குதலையே கைவிடலாமா என்னும் வினாவை ஒட்டாவா மாநாட்டில் எழுப்பினார். 2003இல் வெளியான 2.6ஆம் பதிப்பு, எண்ணும் பொறுப்பை வெளியிலிருந்து அழைப்போரிடம் ஒப்படைத்தது. இறக்கும் வசதியை அமைப்போரின் விருப்பத்திற்கு விட்டது. 2007இல் தேஜுன் ஹியோவின் முயற்சியால், இயக்கி பெற்றவற்றைக் கேர்னலே குறித்துவைத்து எதிர்வரிசையில் விடுவிக்கும் ஏற்பாடு வந்தது.

ஆயினும், சாதனம் கழற்றப்பட்ட பின்னும் அதன் கோப்பைத் திறந்து வைத்திருப்போர் உளர். அவர்கள் சார்ந்துள்ள நினைவகமும் இவ்வேற்பாட்டினால் விடுவிக்கப்பட்டுவிடக்கூடும். கணக்கை ஒழுங்காக எழுதுவதோடு, இறுதியாக நிற்பவர் வெளியேறும்வரை காத்திருத்தலும் இயக்கி எழுதுவோரின் கடமையாகும்.