குற்றமும் தகுதியும்: கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ் மண்டபத் தேர்வில் ஒழுக்க அளவுகோலின் இடம்

முன்னுரை

நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் தேசிய பேஸ்பால் புகழ் மண்டபம் 1939 ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னதாகவே, 1936இல், முதல் தேர்தல் நடந்துவிட்டது. பதிவான 226 வாக்குகளில் டை காப் 222 பெற்றார்; பேப் ரூத்தும் ஹோனஸ் வாக்னரும் தலா 215 பெற்றனர். அன்றிலிருந்து இன்றுவரை ஓய்வுபெற்ற வீரருக்கு அமெரிக்க பேஸ்பால் அளிக்கும் உச்ச மரியாதை இம்மண்டபத்தில் பொறிக்கப்படும் வெண்கலப் பட்டயம்தான். யாருக்கு அது உரியது என்ற வழக்கு ஆண்டுதோறும் புதிதாக எழுகிறது.

தேர்வு முறை வெளித்தோற்றத்தில் எளியது. பெரிய லீக்கில் பத்துப் பருவங்களேனும் ஆடி, ஓய்வுபெற்று ஐந்தாண்டுகள் கழிந்தவர் வேட்பாளராகலாம். அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் தொடர்ந்து பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்த செய்தியாளர்கள் வாக்களிப்பார்கள். ஒருவர் பத்துப் பெயர்களுக்கு மேல் தேர்ந்தெடுக்க இயலாது. 75 விழுக்காடு பெற்றவர் உள்ளே செல்வார். 5 விழுக்காட்டுக்குக் கீழே போனவர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார். மற்றவர்களுக்குப் பத்துத் தேர்தல்கள் வரை வாய்ப்புண்டு. 2014 வரை இது பதினைந்தாக இருந்தது. இவ்வழியில் தேறாதவர்களைப் பின்னாளில் 16 பேர் கொண்ட குழுக்கள் மறுபரிசீலனை செய்கின்றன.

வாக்காளர் எதை எடைபோட வேண்டும் என்று சொல்லும் விதி, ஆட்டப் பதிவையும் திறனையும் மட்டுமன்றி நேர்மை, விளையாட்டுப் பண்பு, நடத்தை ஆகியவற்றையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. 1940களின் நடுவில் சேர்க்கப்பட்ட இந்த ஒழுக்க விதிதான் இன்றைய பூசல்களுக்கெல்லாம் வேர். அதை நீக்கிவிட வேண்டும் என்போர் ஒரு சாரார். முழு வன்மையுடன் செயல்படுத்த வேண்டும் என்போர் மறுசாரார். இரு சாராரும் அடிப்படைக் கேள்வியைத் தவறவிடுகின்றனர் என்பது இக்கட்டுரையின் வாதம். விதி இருப்பது குறையன்று. எந்தச் சான்று போதும், எந்தக் குற்றம் எவ்வளவு பெரியது என்று சொல்லும் நெறியில்லாமல் அது கையாளப்படுவதே குறை.

1. எண்கள் பெரிதும் தீர்த்துவைத்த வழக்கு

ஆட்டத்திறனை மதிப்பிடுவதில் கடந்த கால் நூற்றாண்டில் பெருமளவு தெளிவு ஏற்பட்டுவிட்டது. எளிதில் கிடைக்கக்கூடிய ஒரு மாற்று வீரர் அதே இடத்தில் ஆடியிருந்தால் அணி பெற்றிருக்கக்கூடியதைவிட எத்தனை வெற்றிகளை ஒருவர் கூடுதலாகத் தந்தார் என்று கணிக்கும் 'வார்' என்ற அளவீடு பரவலாகிவிட்டது. அது பேட்டிங், ஓட்டம், தடுப்பு ஆகிய மூன்றையும் ஒரே எண்ணுக்குள் கொண்டுவருகிறது; ஆடுகளத்தின் இயல்புக்கேற்பத் திருத்தமும் செய்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரில், மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தூரம் பறக்கும். அங்கே ஆடிய லாரி வாக்கரின் எண்களை நம்பலாமா என்ற ஐயம் நெடுநாள் நீடித்தது. அந்தச் சாதகத்தைக் கழித்த பின்னும் அவர் முன்வரிசை வீரரே என்று கணக்கீடுகள் காட்டின. முதல் முறை 20 விழுக்காடு பெற்றவர், கடைசி வாய்ப்பான 2020இல் 76.6 விழுக்காட்டுடன் தேர்வானார். 3,701 பேட்டர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்த பிட்சர் பெர்ட் பிளைலெவன் 1998இல் 17.5 விழுக்காட்டில் தொடங்கி 2011இல் 79.7 விழுக்காட்டை எட்டினார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் ஒரு பந்தும் வீசவில்லை. மதிப்பிடுவோரின் அறிவுதான் வளர்ந்தது.

ஆனால் அந்த வளர்ச்சி எல்லோருக்கும் பயன்தரவில்லை. டெட்ராய்ட் அணியின் லூ விட்டேக்கரும் ஆலன் டிராமெலும் 1977இல் ஒரே நாளில் அறிமுகமாகி, நெடுங்காலம் இரண்டாம் பேஸையும் ஷார்ட்ஸ்டாப் இடத்தையும் சேர்ந்து காத்தவர்கள். விட்டேக்கரின் வார் ஏறத்தாழ 75. டிராமெலுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. டிராமெல் குழுவின் வழியாக உள்ளே சென்றுவிட்டார். விட்டேக்கரோ 2001இல், முதல் தேர்தலிலேயே, 2.9 விழுக்காடு பெற்று நீக்கப்பட்டார். மறுபுறம், எழுத்தாளர் தேர்தலில் 6.1 விழுக்காட்டைத் தாண்டாத, வார் 40ஐ எட்டாத ஹரால்ட் பெய்ன்ஸை 2018 டிசம்பரில் ஒரு குழு தேர்ந்தெடுத்தது. இத்தகைய பிழைகளைச் சரிசெய்ய அளவுகோல் கையில் இருக்கிறது. ஒழுக்கத்தைப் பொறுத்தவரை அப்படி ஓர் அளவுகோலே உருவாக்கப்படவில்லை.

2. ஒழுக்க விதி நடந்துவந்த பாதை

விதி எழுத்தில் இருந்த காலம் முழுவதும் அது ஒரே சீராகச் செயல்பட்டதில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் உரிமையாளர் டாம் யாக்கி 1980இல் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். ஜாக்கி ராபின்சன் 1947இல் நிறத்தடையை உடைத்த பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் கறுப்பின வீரர் எவரையும் களமிறக்காமல், பெரிய லீக் அணிகளில் கடைசியாக 1959இல் கதவைத் திறந்தது அவருடைய அணிதான். எச்சிலும் பசையும் தடவிய பந்தை வீசுவது 1920 முதல் தடைசெய்யப்பட்டது. அப்படி வீசியதைத் தன் வரலாற்று நூலிலேயே ஒப்புக்கொண்டு, 1982இல் அதற்காகத் தண்டனையும் பெற்ற கேலார்ட் பெரி 1991இல் தேர்வானார். 1960களிலும் 70களிலும் வீரர்களின் உடைமாற்றும் அறைகளில் ஆம்ஃபெட்டமைன் மாத்திரைகள் தாராளமாகப் புழங்கின. அதற்கான சோதனை 2006இல்தான் வந்தது. அந்தத் தலைமுறையினர் எவருக்கும் அதனால் கதவு அடைபடவில்லை.

3. ஊக்கமருந்துக் காலத்தின் இரட்டை நீதி

பேரி பாண்ட்ஸ் 762 ஹோம் ரன்களும் ஏழு முறை மிக மதிப்புமிக்க வீரர் விருதும் பெற்றவர். ரோஜர் கிளெமென்ஸ் 354 ஆட்டங்களை வென்று, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஏழு முறை பெற்றவர். ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இருவரைப் பற்றியும் வாதமே எழாது. ஆயினும் 2022இல், பத்தாவதும் கடைசியுமான தேர்தலில், பாண்ட்ஸ் 66.0 விழுக்காட்டிலும் கிளெமென்ஸ் 65.2 விழுக்காட்டிலும் நின்றுபோனார்கள். அதே வாக்குச்சீட்டில் டேவிட் ஆர்டிஸ் முதல் முயற்சியிலேயே 77.9 விழுக்காடு பெற்றார். 2003இல் பெயர் வெளியிடப்படாது என்ற உறுதியுடன் நடந்த சோதனையில் சிக்கியவர்களில் ஆர்டிஸின் பெயரும் இருந்ததாக 2009இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்தச் சோதனையின் முடிவுகள் சில ஐயத்துக்குரியவை என்று லீக் ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் 2016இல் அவருக்கு ஆதரவாகப் பேசினார். அந்த ஐயத்தின் பலனை ஆர்டிஸுக்கு அளித்தது நியாயமே. மற்ற இருவருக்கும் அதே நியாயம் ஏன் மறுக்கப்பட்டது?

அக்காலச் சட்டநிலையை நினைவிற்கொள்ள வேண்டும். ஆணையர் ஃபே வின்சென்ட் 1991இல் ஸ்டீராய்டுகளைத் தடைசெய்து சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் வீரர் சங்கத்துடன் உடன்பாடு இல்லாததால் சோதனையும் இல்லை, தண்டனையும் இல்லை. 2003இல் கணக்கெடுப்புக்காக மட்டும் சோதனை நடந்தது. தண்டனையுடன் கூடிய சோதனை 2004இல் தொடங்கியது. பாண்ட்ஸுக்கும் கிளெமென்ஸுக்கும் ஊக்கமருந்துக்காக லீக் ஒருநாள்கூடத் தடை விதித்ததில்லை. கிளெமென்ஸ் பொய்ச்சாட்சி வழக்கில் 2012இல் விடுதலையானார். நீதிக்கு இடையூறு செய்ததாகப் பாண்ட்ஸ் மீது வந்த தீர்ப்பு 2015இல் ரத்தானது.

இவ்வாறு சொல்வதால் அவர்கள் குற்றமற்றவர்கள் ஆகிவிட மாட்டார்கள். ஊக்கமருந்துப் பயன்பாடு குறித்து 2007 டிசம்பரில் வெளிவந்த மிட்செல் அறிக்கையும், வீரர்களுக்கு மருந்து வழங்கிய பால்கோ ஆய்வகம் மீதான விசாரணையும் எழுப்பிய ஐயங்கள் வலுவானவை. அந்த ஐயங்களை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் முடிவு மாறாது. பாண்ட்ஸ் மருந்தை நாடியதாகச் சொல்லப்படுவது 1998க்குப் பிறகு. அந்த ஆண்டின் முடிவிலேயே அவர் கணக்கில் 411 ஹோம் ரன்கள், 445 திருட்டு பேஸ்கள், மூன்று மிக மதிப்புமிக்க வீரர் விருதுகள், எட்டுத் தங்கக் கையுறை விருதுகள் இருந்தன. கிளெமென்ஸ் மீதான குற்றச்சாட்டு 1998இல் தொடங்குகிறது. அதற்குள் அவர் 213 வெற்றிகளும் நான்கு சை யங் விருதுகளும் பெற்றுவிட்டார். சந்தேகத்துக்குரிய ஆண்டுகளை முழுவதுமாகக் கழித்தாலும் இருவரும் தேறுகிறார்கள்.

இந்தத் தயக்கத்துக்கு மற்றவர்களும் விலை கொடுத்தார்கள். பாண்ட்ஸும் கிளெமென்ஸும் முதன்முதலாகப் போட்டியிட்ட 2013இல் எழுத்தாளர்கள் ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. வாக்குச்சீட்டு நிரம்பி வழிய, பத்துப் பெயர் வரம்புக்குள் இடம் கிடைக்காமல், தன் தலைமுறையின் சிறந்த நடுக்கள வீரர்களில் ஒருவரான கென்னி லாஃப்டன் 3.2 விழுக்காட்டுடன் நீக்கப்பட்டார்.

4. செலிக்கும் பெல்ட்ரானும்

ஊக்கமருந்துக் காலம் முழுவதும் லீக்கின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆணையர் பட் செலிக் 2017இல் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். அக்காலத்தின் வருவாய்ப் பெருக்கம் அவருடைய சாதனையாகக் கொள்ளப்பட்டது. அதே காலத்தின் களங்கம் வீரர்களின் கணக்கில் மட்டும் எழுதப்பட்டது. மேற்பார்வை செய்தவருக்குக் கிட்டிய மன்னிப்பு ஆடியவர்களுக்குக் கிட்டாமல் போனதற்கு விதியில் எந்த ஆதாரமும் இல்லை.

கார்லோஸ் பெல்ட்ரானின் நிகழ்வு இன்னும் தெளிவானது. 2017இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி கேமரா மூலம் எதிரணி கேட்சரின் சைகைகளைத் திருடியது. அவ்வாண்டு உலகத் தொடரையும் வென்றது. 2020 ஜனவரியில் லீக் வெளியிட்ட அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்ட ஒரே வீரர் பெல்ட்ரான். அதன் விளைவாக நியூயார்க் மெட்ஸ் அணியின் மேலாளர் பதவியை ஓர் ஆட்டம்கூட நடத்தாமலேயே இழந்தார். எனினும் 2026 ஜனவரியில் அவர் தேர்வானார். தேர்வு தவறென்று சொல்வதற்கில்லை. முறையான விசாரணையில் பெயர் வந்தவர் உள்ளே செல்ல முடியுமென்றால், லீக்கிடம் எந்தத் தண்டனையும் பெறாத பாண்ட்ஸும் கிளெமென்ஸும் வெளியே நிற்பது எந்த நெறியின்படி என்பதே கேள்வி. 2025 டிசம்பரில் கூடிய குழுவோ ஜெஃப் கென்ட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பாண்ட்ஸுக்கும் கிளெமென்ஸுக்கும் 16இல் 5 வாக்குகள்கூட அளிக்கவில்லை.

5. ஒரு நெறி

மேற்கண்ட முரண்களிலிருந்து மூன்று கூறுகள் கொண்ட நெறி ஒன்றை முன்வைக்கலாம். முதலாவது, செயல் நடந்த காலத்தில் அதைத் தடுக்கும் விதி நடைமுறையில் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது, குற்றம் வதந்தியாலன்றி முறையான விசாரணையாலோ ஒப்புதலாலோ நிறுவப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது, குற்றத்தின் கனத்தை வாக்காளர் தம் விருப்பப்படி நிர்ணயிக்காமல், லீக்கே விதித்த தண்டனையின் அளவைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும்.

பந்தில் பசை தடவியதற்கு லீக் சில நாள் தடையே விதித்தது. ஆகவே பெரியின் தேர்வில் முரணில்லை. அலெக்ஸ் ரோட்ரிகஸ் ஊக்கமருந்துக்காக 2014 பருவம் முழுவதும் தடைசெய்யப்பட்டார். மேனி ராமிரெஸ் 2009, 2011 என இரு முறை சோதனையில் சிக்கினார். இங்கே எடைபோட நிறுவப்பட்ட குற்றம் இருக்கிறது, வாக்காளர் வேறுபடலாம். ராமிரெஸ் 2008இன் முடிவுக்குள்ளேயே 527 ஹோம் ரன்களை அடித்துவிட்டார் என்பதும் அந்த எடையில் சேர வேண்டும்.

பீட் ரோஸின் நிலை வேறு. 4,256 ஹிட்கள் என்ற அவருடைய சாதனையை எவரும் முறியடிக்கவில்லை. ஆனால் தன் அணி ஆடும் ஆட்டத்தின்மீது பணயம் கட்டுபவருக்கு நிரந்தரத் தடை என்ற விதி அவர் காலத்தில் ஐயமின்றி நடைமுறையில் இருந்தது. 1989இல் விசாரணை நடந்தது. தடையை அவரே ஏற்றார். சின்சினாட்டி ரெட்ஸ் மேலாளராக இருந்தபோது அந்த அணியின் ஆட்டங்கள்மீதே பணயம் கட்டியதை 2004இல் ஒப்புக்கொண்டார். மூன்று கூறுகளும் பொருந்துகின்றன. அவர் 2024 செப்டம்பரில் இறந்தார். தடை மரணத்துடன் முடிகிறது என்று 2025 மே மாதம் மேன்ஃப்ரெட் அறிவித்ததால் ரோஸும், 1919 உலகத் தொடர் மோசடியில் தடைசெய்யப்பட்ட ஜோ ஜாக்சனும் வேட்பாளராகும் தகுதி பெற்றுவிட்டார்கள். வேட்பாளர் தகுதி வேறு, பட்டயத் தகுதி வேறு. மருந்து உட்கொண்டவர் தவறான வழியில் வெல்ல முயல்கிறார். பணயம் கட்டுபவரும் தோற்பதற்குப் பணம் பெற்றவரும் ஆட்டத்தின் முடிவு உண்மையானதுதானா என்ற நம்பிக்கையையே குலைக்கிறார்கள். அந்தத் தொடரில் ஜாக்சனின் பேட்டிங் சராசரி 0.375 என்பதும், 1921இல் நடுவர்குழு அவரை விடுவித்தது என்பதும் உண்மை. சூதாடிகளின் பணம் அவர் கைக்கு வந்தது என்பதும் அவரே சாட்சியம் அளித்த உண்மை.

6. மறுப்புகள்

வரலாற்றை மறைக்கலாமா என்று ரோஸின் ஆதரவாளர்கள் கேட்பார்கள். கூப்பர்ஸ்டவுனில் அருங்காட்சியகமும் பட்டயக் கூடமும் தனித்தனி. ரோஸின் சாதனைச் சின்னங்கள் முன்னதில் ஏற்கெனவே உள்ளன. பாண்ட்ஸ் அடித்த 756ஆவது ஹோம் ரன்னின் பந்தும், ஏலத்தில் வாங்கிய ஆடை வடிவமைப்பாளர் அதில் பொறித்த நட்சத்திரக் குறியுடன், அங்கேதான் இருக்கிறது. வரலாறு அங்கே பாதுகாக்கப்படுகிறது; பட்டயம் அளிப்பது மரியாதையை.

லீக்கின் தண்டனையை அளவுகோலாக்கினால் லீக்கின் அலட்சியமும் அளவுகோலாகிவிடாதா என்பது மற்றொரு மறுப்பு. இது வலுவானது. 1990களில் லீக் கண்ணை மூடிக்கொண்டது உண்மை. ஆனால் அந்த அலட்சியத்துக்கான பொறுப்பைப் பின்னாளில் சில வீரர்கள்மீது மட்டும் தேர்ந்தெடுத்துச் சுமத்துவதால் நீதி கிடைத்துவிடாது.

முடிவுரை

இந்நெறியின்படி பாண்ட்ஸும் கிளெமென்ஸும் உள்ளே இருக்க வேண்டியவர்கள். அவர்கள்மீதான குற்றச்சாட்டுகள் பட்டயத்திலேயே ஒரு வரியாக இடம்பெறலாம். விட்டேக்கரையும் லாஃப்டனையும் குழுக்கள் தாமதமின்றிச் சேர்க்க வேண்டும். ரோஸுக்கும் ஜாக்சனுக்கும் அருங்காட்சியகம் போதும். 5 விழுக்காட்டு நீக்க விதியும் பத்துப் பெயர் வரம்பும் தளர்த்தப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒழுக்கக் காரணத்துக்காக ஒருவரை விலக்கும் வாக்காளர் அந்தக் காரணத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று மண்டபத்தின் நிர்வாகம் விதி செய்ய வேண்டும். காரணம் சொல்லப்படாத தீர்ப்பு, அது எத்தனை விழுக்காடு வாக்குகளால் வந்தாலும், தீர்ப்பாகாது.