டீசல் காரில் ஃபியூயல் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றலாமா? எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது?

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது மாருதி சுசூகி டீசல் கார் தயாரிப்பை நிறுத்தியது. ஆனாலும் 1.3 லிட்டர் டீசல் என்ஜின் கொண்ட ஸ்விஃப்ட், டிசையர் கார்கள் இன்றும் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வாரன்டி முடிந்த இந்த மாதிரி கார்களை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: 'டீசல் ஃபில்டரை நாமளே மாத்திடலாமா?' மாற்றலாம். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

ஃபில்டர் ஏன் இவ்வளவு முக்கியம்?

இப்போதைய டீசல் கார்களில் இருப்பது காமன் ரெயில் என்ஜின். ஆயிரம் பாருக்கும் அதிகமான அழுத்தத்தில், மிக நுண்ணிய துளைகள் வழியாக இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சுகிறது. கண்ணுக்குத் தெரியாத தூசியும் துளித் தண்ணீரும்கூட அதைக் கெடுத்துவிடும். ஃபில்டரின் வேலை இந்த இரண்டையும் தடுப்பது. ஃபில்டர் விலையோடு ஒப்பிட்டால் இன்ஜெக்டர் செலவு பல மடங்கு அதிகம்.

எப்போது மாற்ற வேண்டும்?

காருக்குக் கார் கிலோமீட்டர் கணக்கு மாறும். ஓனர்ஸ் மேனுவலில் இருப்பதே சரியான கணக்கு. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, மேட்டில் இழுவை குறைவது, ஓடும்போதே என்ஜின் திணறுவது ஆகியவை அடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். டேஷ்போர்டில் 'டீசலில் தண்ணீர்' விளக்கு எரிந்தால் தள்ளிப்போடவே கூடாது.

எப்படி மாற்றுவது?

1. காற்றோட்டமான இடத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜின் நன்றாக ஆறும் வரை காத்திருங்கள். அருகில் சிகரெட், தீப்பொறி எதுவும் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

2. ஃபில்டரைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் துடையுங்கள். இல்லாவிட்டால் அந்த மண்ணே குழாய்க்குள் போய்விடும். கீழே ஒரு தட்டு வையுங்கள். ஆல்டர்னேட்டர், பெல்ட் மீது டீசல் சிந்தாமல் பாலிதீன் கவரால் மூடுங்கள்.

3. குழாய்கள் எப்படி மாட்டியிருக்கின்றன என்று மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லாக்கை அழுத்திக் குழாயைக் கழற்றுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்துவிடும்.

4. பழைய ஃபில்டரில் உள்ள டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிச் சிறிது நேரம் வையுங்கள். டீசல் தண்ணீரை விட லேசானது. தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தேங்கும். நிறைய இருந்தால் டேங்கையும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

5. புதிய ஃபில்டரை அம்புக்குறி காட்டும் திசையில் பொருத்துங்கள். ஓ-ரிங்கையும் புதிதாகப் போடுங்கள். ஃபில்டரை நிரப்புகிறேன் என்று வெளியேறும் பக்கத்தில் டீசல் ஊற்றக் கூடாது. அந்த டீசல் வடிகட்டப்படாமல் நேராகப் பம்புக்குப் போகும்.

காற்றை வெளியேற்றுவது எப்படி?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். குழாயில் காற்று இருக்கும்போது தொடர்ந்து செல்ஃப் அடிக்கக் கூடாது. உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் மசகு. அது இல்லாமல் சுற்றினால் உள்ளே தேய்மானம் ஏற்படும். கை பம்ப் இருந்தால் அது கெட்டியாகும் வரை அழுத்துங்கள். டேங்கில் மின் பம்ப் உள்ள கார்களில், பேட்டரி வயரை மாட்டிய பிறகு, ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து சில விநாடிகள் கழித்து ஆஃப் செய்யுங்கள். இப்படி நான்கைந்து முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். சில நிமிடம் ஓடவிட்டு, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியே கசிவே இல்லை, ஆனால் மறுநாள் காலை ஸ்டார்ட் ஆகவில்லையா? டேங்கில் பம்ப் இல்லாத கார்களில் ஃபில்டர் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும். ஓ-ரிங் சரியாக உட்காராவிட்டால் டீசல் வெளியே வராது; காற்றுதான் உள்ளே போகும். இணைப்புகளை மறுபடியும் சரிபாருங்கள்.

இதை மட்டும் செய்யாதீங்க

பழைய டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர் பைப்பை லூஸ் செய்து காற்றை எடுப்பார்கள். காமன் ரெயில் காரில் அப்படிச் செய்வது ஆபத்து. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். பார்க்கச் சின்னக் காயம் போல இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஃபில்டர் காரின் அடியில் இருந்தாலோ, வாரன்டி பாக்கி இருந்தாலோ சர்வீஸ் சென்டருக்குப் போவதே நல்லது. வெறும் ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் படுக்கவே கூடாது.

பழைய டீசலைச் சாக்கடையில் ஊற்றாமல், ஃபில்டரோடு சேர்த்து, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் குறித்து வைத்தால், அடுத்த முறை எப்போது என்று யோசிக்க வேண்டியதில்லை.