செங்கோட்டைப் பாதையும் செகண்ட் ஹேண்ட் சந்தையும்

இணையம் வந்ததால்தான், கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் பழைய சாமான் சந்தைகள் அழிந்தன என்று மாதிரி ரயில் சேர்ப்பவர்கள் சொல்வதுண்டு. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. பழைய புத்தகங்களுக்கும் பழம்பொருட்களுக்கும் பேர்போன சென்னை மூர் மார்க்கெட் எரிந்தது 1985-இல். ஈபே அமெரிக்காவில் தொடங்கியதே 1995-இல்தான். பாஸி டாட் காம் என்ற இந்திய ஏலத் தளத்தை வாங்கி அது இந்தியாவுக்குள் நுழைந்தது 2004-இல். மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் எழுந்தது புறநகர் ரயில் நிலையம். அதற்கும் முன்பே, 1950-களின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து இறக்குமதி இறுகிவிட்டது. புதிய மாதிரி ரயில் வராத ஊரில் பழையது எங்கிருந்து கிடைக்கும்? நம் ஊரில் இணையம் ஒரு சந்தையைக் கொன்றது என்பதைவிட, இல்லாத சந்தையை உண்டாக்கியது என்பதே பொருந்தும்.

இதற்குத் தென்காசி நல்ல சான்று. 1904-இல் கொல்லம் முதல் செங்கோட்டை வரை முழுமையாகத் திறக்கப்பட்ட மலைப்பாதையும், 1927-இல் தென்காசியை விருதுநகரோடு இணைத்த பாதையும் மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். குற்றாலத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. சீசனுக்கு வந்தவர்கள் தென்காசியிலோ செங்கோட்டையிலோ இறங்கித்தான் அருவிக்குப் போனார்கள். அந்த ரயிலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் தண்டவாள இடைவெளி ஏறக்குறைய 11.5 மில்லிமீட்டர் வரும். இதே சுருக்க அளவில் உலகெங்கும் கடைகளில் அதிகம் விற்கும் எச்ஓ வகையின் 16.5 மில்லிமீட்டர், ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்கான அளவு. நம் மீட்டர் கேஜுக்கு நெருக்கமானது 12 மில்லிமீட்டரில் ஓடும் எச்ஓஎம் வகை. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வேயும் 1000 மில்லிமீட்டர் பாதை என்பதால், அதன் வண்டிகளை ஜெர்மனியின் பெமோ நிறுவனம் இந்த அளவில் செய்கிறது. அந்த அடிச்சட்டத்தை வாங்கி, மேலே செங்கோட்டைப் பெட்டியின் உடலைத் தானே கட்ட நினைப்பவருக்குத் திருநெல்வேலியில் மட்டுமல்ல, சென்னையிலும் கடை தேடிப் பயனில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் யாரோ கழித்துக்கட்டும் வண்டியை அவருக்குக் காட்டக்கூடியது இணையம் ஒன்றுதான்.

படத்தைப் பார்த்து வாங்குவது ஆபத்து என்ற மறுப்பில் நியாயம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஹார்ன்பி நிறுவன மாதிரி வண்டிகள் சிலவற்றின் துத்தநாகக் கலவை வார்ப்புகளில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்ததால், அவை காலப்போக்கில் உப்பி, வெடித்து, உதிர்ந்துபோகின்றன. தொடக்க நிலையில் இதைப் படம் காட்டிக்கொடுக்காது. கையில் எடுத்துப் பார்த்தால் தெரிய வாய்ப்புண்டு. மோட்டாரின் சத்தமும் பல்சக்கரத்தின் தேய்மானமும் அப்படியே. தவறான பொருளை வாங்கினால் வரும் இழப்பும் ஏறிவிட்டது: மாதிரி வண்டிகளையும் உள்ளடக்கிய பொம்மை இனத்துக்கான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. ஆனால் இந்த மறுப்பு சொல்வது எப்படிச் சோதிப்பது என்பதை மட்டுமே. ஓடும் வண்டியின் வீடியோவைக் கேட்கலாம், அடிப்பாகத்தின் படத்தைக் கேட்கலாம். விற்பவர் நாட்டுக்குள்ளேயே இருந்தால் நேரில் போய் ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுக்கலாம். எதிரே வைத்துச் சோதிக்கப் பொருளே வராத ஊரில், நேரில் வாங்குவதே மேல் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

நேரில் போயே ஆக வேண்டிய இடம் வேறு. அந்த மலைப்பாதையின் புனலூர்–செங்கோட்டை மீட்டர் கேஜ் 2010-இல் நின்றது, அகலப்பாதையாகி 2018-இல் திறந்தது. இடையில் பழைய தண்டவாளமும் பெட்டியும் போய்விட்டாலும், கழுதுருட்டியின் 13 கண் பாலமும் குகைகளும் மலைச்சரிவும் இருக்கின்றன. பாலத்தின் வளைவையும் குகை வாயின் உயரத்தையும் எந்த விற்பனைத் தளமும் அளந்து தராது. அவை பொய்த்தால், எவ்வளவு நல்ல வண்டியை வாங்கி வைத்தாலும் அது சுவிஸ் வண்டியாகவே நிற்கும். வண்டியை இணையத்தில் வாங்கியவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாதையையும் இணையத்திலேயே பார்த்து முடித்துக்கொண்டால்தான் மாதிரி கெடும்.