மணல்மேடு ஜாடியான கதை

அமெரிக்கக் கல்யாணப் புகைப்படங்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். மேசை நடுவில் ஒரு கண்ணாடி ஜாடி, வெளிர்நீல நிறம், கழுத்தில் சணல் கயிறு, உள்ளே நாலு காட்டுப்பூ. விருந்தாளிகள் கிளம்பும்போது கையில் கொடுக்க அதே மாதிரி சின்ன ஜாடி இன்னொன்று. அதற்குள் வீட்டில் செய்த ஜாம் இருக்கும், இல்லையென்றால் தேன். நம்ம ஊர் தாம்பூலப் பை மாதிரி, பிறந்தநாள் என்றால் ரிட்டர்ன் கிஃப்ட் மாதிரி.

சில மாதங்களாக இந்த ஜாடியின் பூர்வீகத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். தோண்ட ஆரம்பித்த காரணம் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் இந்த நீல நிறம் எங்கிருந்து வந்தது என்ற ஒரு சின்னக் கேள்வியில் போய் மாட்டிக்கொண்டேன். விடை ஒரு மணல்மேட்டில் இருந்தது. இருந்தது என்றால், இப்போது இல்லை.

மிச்சிகன் ஏரியின் தென்கரையில் மிச்சிகன் சிட்டி என்று ஒரு ஊர். பெயர்தான் மிச்சிகன், ஊர் இருப்பது இண்டியானா மாநிலத்தில். அங்கே ஏரிக்கரையில் ஹூசியர் ஸ்லைடு என்று ஒரு பெரிய மணல்மேடு நின்றது. உயரம் கிட்டத்தட்ட 200 அடி. சிகாகோவிலிருந்து கப்பலிலும் ரயிலிலும் ஜனங்கள் வந்து ஏறிப் பார்த்து, சறுக்கி விளையாடிப் போகிற இடம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த மணலுக்கு விலை வந்தது. வண்டி வண்டியாக அள்ளி ரயிலில் ஏற்றினார்கள். சுமார் 30 வருஷம், ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் டன் மணல் என்று கணக்கு சொல்கிறார்கள். 1920 வாக்கில் மேடு இருந்த இடம் தரையோடு தரை. பிற்பாடு அங்கே ஒரு மின்நிலையம் வந்துவிட்டது.

அந்த மணலில் ஒரு நல்ல பங்கு போனது அதே மாநிலத்தில் மன்சி என்ற ஊரில் இருந்த பால் சகோதரர்கள் தொழிற்சாலைக்கு. (நாம் குடிக்கிற பால் இல்லை, குடும்பப் பெயர்.) கண்ணாடிக்கு மூலப்பொருள் மணல், சோடா, சுண்ணாம்பு. மணலில் கொஞ்சம் இரும்புச் சத்து இருந்தால் கண்ணாடிக்குப் பச்சையோ நீலமோ ஏறிவிடும். ஏரிக்கரை மணலில் இரும்பு இருந்தது. இன்று சேகரிப்பாளர்கள் ‘பால் நீலம்’ என்று செல்லமாக அழைத்துக் காசு கொடுத்து வாங்குகிற அந்த நிறம், அன்றைக்கு யாரும் ஆசைப்பட்டுச் சேர்த்த நிறம் இல்லை. மணலோடு ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கு என்றே சொல்லலாம். 1930களின் பிற்பாதியில் அந்த நீலத்தை விட்டுவிட்டு நிறமற்ற கண்ணாடிக்குப் போய்விட்டார்கள்.

மேட்டோடு கதை முடியவில்லை. மன்சிக்கு அந்தக் கம்பெனி வந்ததே இன்னொரு புதையலுக்காக. ஐந்து சகோதரர்கள், முதலில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் மண்ணெண்ணெய் டப்பா செய்து விற்றவர்கள். 1880களில் ஜாடிக்கு மாறினார்கள். 1886ல் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. அந்தச் சமயம் பார்த்து இண்டியானாவில் இயற்கை எரிவாயு கிடைத்திருந்தது. ‘எங்க ஊருக்கு வாங்க, நிலம் தருகிறோம், வாயு இலவசம், கையில் பணமும் தருகிறோம்’ என்று மன்சி ஊர்க்காரர்கள் கூப்பிட்டார்கள். கண்ணாடி உலைக்கு இரவும் பகலும் தீ அணையக் கூடாது, இலவச வாயு என்றால் விடுவார்களா? வந்துவிட்டார்கள். அந்தப் பகுதியில் அப்போது வாயு தீரவே தீராது என்று நம்பி, பெருமைக்காகக் குழாய் வாயில் பந்தம் மாதிரிக் கொளுத்தி பகலிலும் எரியவிட்டார்கள். இருபது வருஷத்துக்குள் வாயு அழுத்தம் விழுந்து, பல தொழிற்சாலைகள் மூடிப் போயின. மேடும் போச்சு, வாயுவும் போச்சு, ஜாடி மட்டும் மிஞ்சியது.

ஜாடியின் பெயர் மேசன் ஜாடி. மேசன் கதை தனியாகச் சொல்ல வேண்டிய சோகம். அதற்கு முன் ஒரு பிரெஞ்சுக்காரர். நிக்கோலா அப்பேர், மிட்டாய்க் கடை வைத்திருந்தவர், கண்ணாடிப் புட்டியில் உணவைப் போட்டுத் தக்கையால் இறுக்கி, வெந்நீரில் கொதிக்க வைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று கண்டுபிடித்தார். கிருமி என்று ஒன்று உணவைக் கெடுக்கிறது என்பது பாஸ்டர் வந்து விளக்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பு! 1810ல் பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. ஆனால் தக்கையும் மெழுகும் சாதாரண வீட்டுக்குச் சரிவராது. திறந்தால் உடையும், சரியாக மூடாவிட்டால் கெடும். பிரச்சனை புட்டியில் இல்லை, மூடியில்.

அதைத் தீர்த்தவர் ஜான் லாண்டிஸ் மேசன், தகரவேலை செய்கிறவர். 1858 நவம்பர் 30ஆம் தேதி, 26 வயதில் காப்புரிமை வாங்கினார். கண்ணாடிக் கழுத்திலேயே மரை, அதற்குப் பொருந்துகிற துத்தநாகத் திருகு மூடி, தோளில் உட்கார ஒரு ரப்பர் வளையம். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். இன்று நம் வீட்டு ஊறுகாய் பாட்டில் வரைக்கும் அந்தத் திருகுதான். காப்புரிமை 1879ல் காலாவதியானது. அதன் பிறகுதான் ஆளாளுக்கு ஜாடி செய்து பணம் பார்த்தார்கள், பால் சகோதரர்கள் உட்பட. மேசன் 1902ல் நியூயார்க்கில் வறுமையில் செத்துப்போனார். அவர் பெயரும் அந்த 1858 தேதியும் மட்டும் ஜாடி மேல் புடைப்பெழுத்தாக அவர் காலத்துக்குப் பிறகும் பல வருஷம் வந்துகொண்டிருந்தன. அதனால் பழம்பொருள் கடையில் ‘1858 ஜாடி’ என்று யாராவது விற்றால் கொஞ்சம் யோசியுங்கள். அது காப்புரிமை தேதி, பிறந்த தேதி இல்லை.

இனி, ஜாடி எப்படிப் பரிசுப் பொருளானது என்பதற்கு வருகிறேன். 1903ல் மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கிப் புட்டி இயந்திரம் வந்தது. ஊதுகிறவர்கள் மூச்சைப் பிடித்துச் செய்த வேலையை இயந்திரம் செய்ய, கண்ணாடி மலிவாகிவிட்டது. உள்ளே இருக்கிற பண்டத்தை விற்க வெளியே இருக்கிற கண்ணாடியை ஆசை காட்டலாம் என்று கம்பெனிகளுக்குத் தோன்றியது. 1933ல் கிராஃப்ட் கம்பெனி பாலாடைக்கட்டிப் பூச்சை அழகான சின்ன டம்ளரில் அடைத்து விற்றது. தின்று முடித்தால் டம்ளர் வீட்டுக்கு. பெரும் பொருளாதார மந்தம் நடந்த காலம் அது. ஒரு டம்ளர் சும்மா வருவது சின்ன விஷயம் இல்லை. 1953ல் வெல்ச் கம்பெனி திராட்சை ஜெல்லியைத் தொலைக்காட்சிப் பொம்மைப் படம் போட்ட டம்ளரில் கொடுத்தது, குழந்தைகள் செட் சேர்த்தார்கள். இத்தாலியில் நுட்டெல்லா, பிரான்சில் கடுகு விழுது, எல்லாம் இதே வழி. நமக்கு இது புதுசா என்ன? ஹார்லிக்ஸ் பாட்டில் இல்லாத சமையலறை உண்டா? அந்த ஹார்லிக்ஸும் 1873ல் அமெரிக்காவில், அதே மிச்சிகன் ஏரிக்கரையில் சிகாகோவில், இங்கிலாந்திலிருந்து போன இரண்டு சகோதரர்கள் ஆரம்பித்ததுதான். ஹார்லிக்ஸ் தீர்ந்த பிறகு பாட்டில் துவரம்பருப்புக்கு, அதற்கப்புறம் மிளகாய்த்தூளுக்கு. பட்டம் இறங்குமே தவிர, வீட்டை விட்டுப் போகாது.

விருந்தாளிக்குக் கையில் ஏதாவது கொடுத்தனுப்பும் வழக்கம் ஜாடியைவிட ரொம்பப் பழசு. இத்தாலியக் கல்யாணத்தில் சர்க்கரை பூசிய ஐந்து பாதாம் ஒரு சின்ன முடிச்சில் வரும். ஆரோக்கியம், செல்வம், மகிழ்ச்சி, பிள்ளைப்பேறு, நீண்ட ஆயுள் என்று ஐந்துக்கும் கணக்கு. சுல்மோனா என்ற ஊர் அந்தப் பாதாம் மிட்டாய்க்கே பெயர் போனது. ஒற்றைப்படையில்தான் கொடுக்க வேண்டுமாம், இரட்டைப்படை என்றால் பங்கு போட்டுவிடலாம் இல்லையா, தம்பதி பிரியக் கூடாது என்று. நாம் மொய்யில் ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிற கதைதான்.

இந்த வழக்கமும் மேசன் ஜாடியும் ஒன்றுசேர்ந்து உலகம் முழுக்கப் பரவியது 2010ல் பின்ட்ரஸ்ட் வந்த பிறகு. அதற்கு முன்பே கிராமத்து வீடுகளில் ஜாடி பரிசு இருந்தது, ஆனால் அது வீட்டில் செய்த ஜாம், அடுத்த வீட்டுக்குப் போகிற ஜாம். இப்போது ஜாடிதான் முதல், ஜாம் அப்புறம். 2013ல் ஒரு வேடிக்கை நடந்தது. பால் சகோதரர்களின் வாரிசுக் கம்பெனி 1993லேயே ஜாடித் தொழிலை விட்டு வெளியே வந்துவிட்டது. பெயரை மட்டும் வேறு கம்பெனி வைத்திருக்கிறது. அவர்கள் நூற்றாண்டுக் கொண்டாட்டம் என்று நீல ஜாடியைத் திரும்ப விட்டார்கள். மணல்மேடு போய்விட்டதே, இரும்புக்கு எங்கே போவது? நிறத்தை வேண்டுமென்றே சேர்த்தார்கள். பழசு மாதிரி இருக்கப் புதுசாகச் செய்த ஜாடியை, பழையதை மறுபயன்பாடு செய்கிறோம் என்ற நினைப்பில் கல்யாணத்துக்கு நூற்றுக்கணக்கில் வாங்குகிறார்கள். எனக்கு இதில் கோபம் இல்லை, ஆனால் சங்கடம் உண்டு. கண்ணாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம் என்று பெருமையாகச் சொல்கிறோம், ஆனால் உருக்க 1,400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கழுவிக் காயவைக்க வெயில் போதும்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். போன வருஷம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. மஞ்சள் பை கொடுக்கலாம் என்று பேசினோம். அதற்குள் என்ன வைப்பது என்ற கேள்வியில், சொந்தக்காரர்கள் வீட்டுப் பரணில் கிடந்த காலி பாட்டில்களைத் திரட்டிப் பருப்புப்பொடி போட்டுக் கொடுத்தால் என்ன என்றேன். அத்தைக்குப் பிடிக்கவில்லை. “ஏன்டா, ஊரு பாட்டிலெல்லாம் பொறுக்கிட்டு வந்து கொடுத்தா நம்மள என்னன்னு நெனப்பாங்க?” அத்தை சொன்னதைத் தள்ளிவிட முடியவில்லை. இல்லாதவர்கள் வீட்டில் பழைய பாட்டில் இல்லாமை, இருப்பவர்கள் வீட்டில் அதுவே ரசனை. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பார்க்கத்தான் இந்த ஜாடி வரலாற்றுக்குள் போனேன்.

கடைசியில் கொடுத்தோம், 60 பாட்டில். செய்கிறவர்களுக்கு உதவும் என்பதால் சில விஷயங்கள். வெந்நீரில் ஊறவைத்தால் தாள் வந்துவிடும். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துத் தேய்த்தால் போதும். ஊறுகாய் வாசம் கண்ணாடியில் தங்குவதில்லை, மூடியின் உட்பக்க ரப்பர் பூச்சில்தான் தங்கும். வெயிலில் இரண்டு நாள் கிடந்தும் போகாத மூடியைக் கழித்துவிடுவது உத்தமம். பொடி போடும் முன் பாட்டிலுக்குள் சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. கண்ணாடி சட்டென்று சூடு தாங்காது, அதனால் பொடி நன்றாக ஆறிய பிறகு போட வேண்டும். மூடி மேல் பழைய பட்டுத்துணித் துண்டைக் கட்டினோம்.

பெரிய பாடு மூடியில்தான். ஜாம் மூடி ஊறுகாய் பாட்டிலுக்குச் சேராது, ஊறுகாய் மூடி தேன் பாட்டிலுக்குச் சேராது. அமெரிக்காவில் நூறு வருஷப் பழைய மேசன் ஜாடிகள் பலவற்றுக்கு இன்றைக்குக் கடையில் வாங்கும் மூடி பொருந்துகிறது, வாய் அளவை அவர்கள் மாற்றவில்லை. அதனால்தான் அந்த ஜாடி பரணில் சாகாமல் பேரப்பிள்ளை வரை வந்தது. நம்மிடம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வாய். பாரிமுனைப் பக்கம் பாட்டில் விற்கும் கடைகளில் ஒரு பை நிறைய மாதிரி பாட்டில்களோடு அலைந்து, 22 பாட்டிலுக்கு மூடி தேடினேன்.

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இதுவரை ஒன்பது பாட்டில் திரும்பி வந்திருக்கிறது. ஒன்றில் நார்த்தங்காய், ஒன்றில் சுண்டை வற்றல், மற்றதில் ஒரு கைப்பிடி சர்க்கரை. மூடி எட்டுக்குத்தான் இருந்தது.