பிளாக்பள்ளி: ஒரு பெயரும் அதன் உரிமையும்

சென்ற மாதம் பெங்களூரு சிவாஜிநகரிலுள்ள தூய மரியன்னை பசிலிக்காவுக்குச் சென்றிருந்தேன். வாயிலருகே பூ விற்ற மூதாட்டியிடம் கன்னடத்தில் விலை கேட்டேன். தமிழில் விடை சொன்னார். அடுத்து வந்தவரிடம் உருதுவில் பேசினார்.

பலர் இதனைக் கதீட்ரல் என்கின்றனர். பேராயரின் ஆசனம் இருப்பதோ கிளீவ்லேண்ட் டவுனிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் தேவாலயத்தில். இக்கோயிலுக்கு உரியது பசிலிக்கா என்னும் தகுதி. திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் வழங்கப்பட்டது. எனினும் நகரின் மிகப் பழைய கத்தோலிக்கக் கோயில்களுள் இதுவே முதன்மையாகப் பேசப்படுவது. செஞ்சிப் பகுதியிலிருந்து வந்த தமிழ்க் கிறித்தவர்கள் இங்கே காணிக்கை மாதாவுக்குக் கூரைச் சிற்றாலயம் எழுப்பினர் என்பது மரபுச் செய்தி. பின்னர் அது கோயிலாக்கப்பட்டது. இன்றைய கோதிக் கட்டடம் 1875இல் தொடங்கப்பெற்று, 1882 செப்டம்பர் 8 அன்று, மரியன்னையின் பிறந்தநாள் விழாவில், அர்ச்சிக்கப்பட்டது.

இப்பகுதியின் பழைய பெயர் பிளாக்பள்ளி. ‘பிளி அக்கி பள்ளி’, அதாவது வெள்ளரிசி விளைந்த ஊர், என்பதன் திரிபே அது என்பர். கண்டோன்மென்டை வடிவமைத்த பொறியாளர் ஜான் பிளாகிஸ்டனின் பெயரே அடி என்பது மற்றொரு விளக்கம். எது சரியாயினும் பின்பாதி ‘பள்ளி’தான். மொழியியல் மாணவனாகிய என்னைத் தடுத்து நிறுத்தியது அச்சொல்லே.

பழங்கன்னடத்தின் சொல்முதற் பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. நம் பால் அங்கே ஹாலு, பத்து, ஹத்து, பள்ளி, ஹள்ளி. 10ஆம் நூற்றாண்டளவில் தொடங்கிய இம்மாற்றம் சில நூற்றாண்டுகளில் பரவிவிட்டது. எனவே பிற்காலக் கன்னடர் இட்ட பெயராயின் ‘ஹள்ளி’ என முடிவதே இயல்பு. தேவனஹள்ளி, மாரத்தஹள்ளி போல. ‘பள்ளி’ என்பது தமிழரோ தெலுங்கரோ வழங்கிய வடிவம். அல்லது அவர்கள் வாய்மொழி கேட்டு ஆங்கிலேயர் எழுதிய வடிவம். தமிழில் பள்ளி ஊரையும் குறிக்கும், வழிபாட்டிடத்தையும் குறிக்கும். கேரளத்தில் இன்றும் தேவாலயம் பள்ளியே.

ஆனால் ‘பிளி’யும் ‘அக்கி’யும் கன்னடச் சொற்கள். அரிசி விளக்கம் சரியெனின், இப்பெயரின் முன்பாதி கன்னடம். பின்பாதி கன்னடர் அல்லாதார் நாவில் நிலைத்தது. இவ்வூரில் மண்ணின் மைந்தர் யார், வந்தேறிகள் யார் என்ற பூசல் எழும்போதெல்லாம் இரு தரப்பாரும் ஊர்ப்பெயர்களைச் சான்றுக்கு அழைக்கின்றனர். பிளாக்பள்ளி எவர் பக்கமும் முழுமையாகச் சாட்சி சொல்லாது. அவ்விடத்தைப் பலர் சேர்ந்து பயிரிட்டனர், பலர் சேர்ந்து வழிபட்டனர் என்பதற்கு மேல் அதிலிருந்து ஒருவரும் உரிமை பெற முடியாது.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முதியோர் சிவாஜிநகரைப் பழைய பெயரால் அழைத்திருந்தால், அதனை எவ்வாறு ஒலித்தனர் என எழுதுங்கள். பள்ளி என்றா, ஹள்ளி என்றா? அவர்களது வீட்டுமொழியையும் குறிப்பிடுங்கள். அவ்வொலி அந்தத் தலைமுறையோடு மறைவதற்குள் பதிவுசெய்ய விரும்புகிறேன்.