ஈடுசெய்தலே முதற்படி: இணையச் சேவைகளின் ஒருங்கியக்கத்தில் வணிக நெறிக்கு உரிய இடம்

பல இணையச் சேவைகளைக் கோத்து ஒரு வணிகச் செயல்முறையாக ஓட்டுவதை மென்பொருள் துறையினர் ஆர்க்கெஸ்ட்ரேஷன் என்கிறார்கள். இக்கட்டுரையில் அதை ஒருங்கியக்கம் என்று குறிப்பிடுகிறேன். இதற்கான ஒருங்கிணைப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரு வரைபலகையைத்தான் முதலில் நம் முன் வைக்கின்றன. கட்டங்களை இழுத்துப் போட்டு, அம்புகளால் இணைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சேவையின் முகவரியைக் கொடுத்தால் செயல்முறை ஓடத் தொடங்கிவிடும். எல்லாச் சேவைகளும் ஒழுங்காகப் பதில் சொல்லும் நாளில் அந்தப் படம் போதுமானது. ஒரு சேவை பதில் சொல்லாத நாளில், அதுவரை நடந்து முடிந்தவற்றை என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. அதற்கான விடை படத்தில் இருப்பதில்லை. வடிவமைப்பு அந்த விடையிலிருந்துதான் தொடங்க வேண்டும், வரிசை அதற்குப் பின்னரே வர வேண்டும் என்பது என் வாதம். அந்த விடையைச் சொல்லும் பொறுப்பு நிரலாளருக்கு உரியதன்று, வணிகத்தை நடத்துபவருக்கு உரியது என்பது அதன் மறுபாதி.

இத்துறையின் பொதுமொழியாக நெடுநாள் இருந்த பிபெல், இரண்டு வேறுபட்ட மரபுகளின் கலப்பு. ஐபிஎம் 2001இல் வெளியிட்ட டபிள்யூஎஸ்எஃப்எல், பணிகளைக் கணுக்களாகவும் அவற்றுக்கிடையேயான சார்பைக் கோடுகளாகவும் கண்ட மொழி. அலுவலகப் பணியோட்ட மென்பொருள்களின் வழி வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் பிஸ்டாக் சர்வருக்காக உருவாக்கிய எக்ஸ்லாங், நிரல்மொழிகளைப்போல் தொகுதிக்குள் தொகுதியாக அமைந்தது. நீண்ட பரிவர்த்தனையும் ஈடுசெய்தலும் அதன் அமைப்பிலேயே இருந்தன. பிஇஏ நிறுவனமும் சேர்ந்துகொள்ள, 2002 ஆகஸ்டில் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. மறு ஆண்டு ஓயாசிஸ் என்ற தரநிர்ணய அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்ட அந்த மொழி, 2007 ஏப்ரலில் டபிள்யூஎஸ்-பிபெல் 2.0 என்ற தரமாக ஏற்கப்பட்டது. ஒன்றிலிருந்து வரைபடமும் மற்றதிலிருந்து ஈடுசெய்தலும் வந்தன. கருவிகளை விற்றவர்கள் முதலாவதைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார்கள். இரண்டாவது மெனுக்களின் அடியில் போய்ச் சேர்ந்தது.

ஈடுசெய்தல் ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரே தரவுத்தளத்துக்குள் நடக்கும் பரிவர்த்தனை தோற்றால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடலாம். முடியும்வரை பதிவுகள் பூட்டப்பட்டிருப்பதால் இடையில் நடந்ததை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்று நிறுவனங்களின் சேவைகளைத் தொட்டு மூன்று நாள் ஓடும் செயல்முறைக்கு இந்த வசதி கிடையாது. அடுத்தவருக்காகத் தன் தரவுத்தளத்தை மூன்று நாள் பூட்டி வைக்க எந்த நிறுவனமும் இசையாது. இதற்கான வழியை ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987இலேயே, 'சாகா' என்ற கருத்தின்வழி சொன்னார்கள். நீண்ட பரிவர்த்தனையைச் சிறு பரிவர்த்தனைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் உடனுக்குடன் உறுதியாகட்டும். ஒவ்வொன்றுக்கும் அதை ஈடுசெய்யும் எதிர்ப்பணி ஒன்றையும் எழுதி வைத்துக்கொள். நடுவில் ஒன்று தோற்றால், முடிந்தவற்றின் எதிர்ப்பணிகளைப் பின்னிருந்து முன்னாக ஓட்டு.

எதிர்ப்பணி என்பது அழிப்பான் அன்று. கல்யாண மண்டபத்துக்கு அச்சாரம் கொடுத்தபின் தேதி மாறினால் பணம் முழுதாகத் திரும்பாது. எவ்வளவு பிடிப்பது என்று மண்டபக்காரர் முன்பே முடிவு செய்திருப்பார். வணிகச் சேவைகளும் இப்படித்தான். ஒதுக்கிய சரக்கை விடுவிக்கக் கட்டணம் உண்டா, அனுப்பிய மின்னஞ்சலுக்கு எதிர்ப்பணி எது, வண்டி கிளம்பிய பிறகு ரத்து செய்தால் போக்குவரத்துச் செலவு யார் தலையில் விழும்? இவை எதற்கும் பிபெல் எழுதப்படும் எக்ஸ்எம்எல்லில் விடை கிடையாது.

பிபெல் தர ஆவணத்திலேயே உள்ள எடுத்துக்காட்டை இங்கே கூர்ந்து பார்க்கலாம். வாடிக்கையாளரிடமிருந்து கொள்முதல் ஆணை வருகிறது. உடனே மூன்று பணிகள் ஒருங்கே தொடங்குகின்றன: விலையைக் கணக்கிடுதல், சரக்கை ஏற்றிச் செல்பவரைத் தேர்தல், உற்பத்திக்கு நாள் குறித்தல். ஒருங்கே தொடங்கினாலும் அவை தனித்தனியானவை அல்ல. போக்குவரத்துக் கட்டணம் தெரியாமல் இறுதி விலை போட முடியாது. சரக்கு ஏறும் நாள் தெரியாமல் உற்பத்தி அட்டவணை நிறைவடையாது. இந்தச் சார்புகளை 'ஃப்ளோ' என்ற கட்டளைக்குள் 'லிங்க்'குகளாக எழுதிவிடலாம். மூன்றும் முடிந்ததும் விலைப்பட்டியல் வாடிக்கையாளருக்குப் போகிறது. படிக்கத் தெளிவான, நல்ல எடுத்துக்காட்டு.

போக்குவரத்துச் சேவை ஒப்புக்கொண்டுவிட்டது, உற்பத்திச் சேவை மறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போக்குவரத்துப் பணியை 'ஸ்கோப்' என்ற தொகுதிக்குள் வைத்து அதற்கு ஈடுசெய்யும் பகுதியை எழுதியிருந்தால், பிபெலின் விதிகள் உதவிக்கு வரும். ஒரு ஸ்கோப் வெற்றியாக முடிந்த பிறகே அதன் ஈடுசெய்யும் பகுதி நடப்புக்கு வருகிறது. வெளியே பிழை எழுந்தால், தனியாக எதுவும் எழுதப்படாத நிலையில், முடிந்த ஸ்கோப்புகள் அவற்றுக்கிடையேயான சார்புக்கு எதிர்வரிசையில் ஈடுசெய்யப்படுகின்றன. ஸ்கோப் முடிந்த கணத்தில் அதன் மாறிகள் என்ன மதிப்பில் இருந்தனவோ அந்த மதிப்பே ஈடுசெய்யும் பகுதிக்குக் கிடைக்கும். முன்பதிவு எண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை. இந்த விதிகளை வகுத்தவர்கள் மிகுந்த கவனத்தோடு சிந்தித்திருக்கிறார்கள். பின்னால் வந்த பல கருவிகள் இந்த நுட்பத்தை எட்டவில்லை என்றே கருதுகிறேன்.

ஆனால் இதே விதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. களத்தில் பெரும்பாலான தொல்லை அதன் வழியாகத்தான் வருகிறது. போக்குவரத்துச் சேவையை அழைத்தோம். பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்து டைம்அவுட் ஆகிவிட்டது. முன்பதிவு நடந்ததா, இல்லையா? நமக்குத் தெரியாது. செயல்முறையை ஓட்டும் இயக்கியின் கணக்கில் அந்த ஸ்கோப் பிழையில் முடிந்தது. ஆகவே அதன் ஈடுசெய்யும் பகுதி நடப்புக்கே வரவில்லை. எதிர்முனையிலோ வண்டி நம் பெயரில் பதிவாகியிருக்கலாம். வெற்றி, தோல்வி என்ற இரண்டை மட்டும் அறிந்த மொழிக்குள், 'தெரியவில்லை' என்ற மூன்றாவது நிலை வந்து நிற்கிறது. அதை எதிர்கொள்ளும் வேலை ஈடுசெய்யும் பகுதியிடம் போகாமல் பிழை கையாளும் பகுதியிடம் வந்துவிடுகிறது. அந்தப் பகுதி என்ன செய்ய முடியும்? நிலையைக் கேட்டறியும் சேவை எதிர்முனையில் இருக்க வேண்டும். அல்லது, நாமே உருவாக்கிய ஓர் அடையாள எண்ணோடு ரத்து வேண்டுகோள் அனுப்பினால், பதிவு இருந்தால் நீக்கி, இல்லாவிட்டால் சும்மா இருக்கும்படி அந்தச் சேவை அமைந்திருக்க வேண்டும். இரண்டுமே இல்லாத சேவையை ஒருங்கியக்கத்துக்குள் சேர்க்கும்போது அந்த இடரை அறிந்தே ஏற்கிறோம். கட்டம் வரைவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. ஒப்பந்தம் எழுதும்போதே கேட்பது இன்னும் நல்லது.

இந்த மூன்றாவது நிலையை ஒரு வணிக நெறியாக எழுதி வைக்க முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று, தோல்வியுற்ற பணப்பரிவர்த்தனைகளைச் சரிசெய்யும் கால அளவு பற்றி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. யூபிஐ வழியாக ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய பணம் அனுப்பியவர் கணக்கில் கழிந்து, பெறுபவர் கணக்கில் சேராவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திருப்பப்பட வேண்டும். கடைக்காரருக்குச் செலுத்தியதில் பணம் கழிந்தும் கடையில் உறுதிச்செய்தி வரவில்லையென்றால், ஐந்து நாளுக்குள். ஏடிஎம்மில் கணக்கில் கழிந்து நோட்டு வராவிட்டாலும் அதே ஐந்து நாள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். சாகா கோட்பாட்டைப் படித்தவர்கள் இதில் அதே உறுப்புகளைக் காணலாம்: எதிர்ப்பணி எது, அது எந்தக் கெடுவுக்குள் ஓட வேண்டும், ஓடத் தவறினால் யார் பொறுப்பு. கடையில் உறுதிச்செய்தி வராத நிலை நாம் பார்த்த மூன்றாவது நிலையேதான். மறுநாள், ஐந்து நாள், 100 ரூபாய் ஆகிய எண்களை எந்த நிரலாளரும் தானாக முடிவு செய்திருக்க முடியாது, செய்திருக்கவும் கூடாது. ஆயினும் அவை எங்கோ ஒரு செயல்முறைக்குள் காலக்கெடுவாகவும் தொகையாகவும் போய் அமர்ந்தாக வேண்டும். ஒரு நிறுவனம் தன் செயல்முறைகளுக்கும் இத்தகைய ஒரு பக்க ஆவணத்தை எழுதிய பிறகே வரைபலகையைத் திறக்க வேண்டும் என்பேன்.

ஈடுசெய்தலுக்கு அடுத்தபடியாகப் பிழைபடும் இடம் கோரிலேஷன். ஒரே செயல்முறையின் ஆயிரக்கணக்கான நிகழ்வுகள் ஒருசேரக் காத்திருக்கும்போது, வந்து சேரும் பதில் எந்த நிகழ்வுக்கு உரியது? ஆணை எண் போன்ற வணிக அடையாளத்தைக் கொண்டு பொருத்துகிறது பிபெல். அழகான ஏற்பாடு. ஆனால் வாடிக்கையாளர் அதே ஆணை எண்ணோடு திருத்தம் அனுப்பினால் அது புது நிகழ்வா, பழையதன் தொடர்ச்சியா? இந்தக் கேள்வியும் தொழில்நுட்ப உடை போட்டுக்கொண்டு வந்த வணிகக் கேள்விதான்.

மறுதரப்பு வாதங்களில் வலுவானவை இரண்டு. முதலாவது, நடுவில் ஓர் இயக்குநர் வேண்டியதே இல்லை என்பது. ஒவ்வொரு சேவையும் நிகழ்ச்சிச் செய்திகளைக் கேட்டுத் தன் வேலையைத் தானே செய்யட்டும். நடுவில் ஒருவரை வைத்தால் எல்லாச் சேவைகளும் அவரைச் சார்ந்து இறுகிவிடும் என்கிறார்கள். கொரியோகிராஃபி எனப்படும் இம்முறை, பின்னோக்கிப் போக வேண்டாத வேலைகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் திருப்ப வேண்டிய நிலை வந்ததும், எது எதெல்லாம் முடிந்தது என்ற நினைவு ஓரிடத்தில் இல்லாதது உறுத்துகிறது. அந்த நினைவு பல சேவைகளின் பதிவேடுகளில் சிதறிக் கிடக்க, அதைத் திரட்ட ஒரு கண்காணிப்புக் கருவியைக் கட்டுகிறார்கள். முதலிலேயே கட்டியிருக்க வேண்டிய இயக்குநரின் பாதி அது.

இரண்டாவது, பிபெலே வழக்கொழிந்துவிட்டதே என்பது. 2011இல் வந்த பிபிஎம்என் 2.0 என்ற தரம் வரைபடத்தையும் ஓட்டத்தையும் ஒரே குறியீட்டுக்குள் கொண்டுவந்தது. சேவைகளை அழைப்பதில் சோப் செய்திகளின் இடத்தை ரெஸ்ட் முறை பிடித்தது. எக்ஸ்எம்எல் பாரத்தைச் சுமக்க ஆளில்லை. எல்லாம் உண்மை. ஆனால் பிபெலுக்குப் பின் வந்தவற்றைக் கவனித்தால் போனது தொடரியல் மட்டுமே என்பது புரியும். டெம்பரல் போன்ற இன்றைய கருவிகளில் செயல்முறையைச் சாதாரண நிரல்மொழியில் எழுதுகிறார்கள்; நடந்தவற்றின் வரலாற்றை இயக்கி பதிந்துவைத்து, சர்வர் விழுந்தெழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நாட்கணக்கில் காத்திருக்கும் நிகழ்வைத் தரவுத்தளத்தில் உறங்க வைத்து, செய்தி வந்ததும் எழுப்பிய பிபெல் இயக்கிகளின் குறிக்கோளும் இதுவே. இக்கருவிகளிலும் சாகாவை எழுதுகிறார்கள்; ஸ்கோப் விதிகள் இல்லாததால் எதிர்ப்பணிகளின் பட்டியலைப் பெரும்பாலும் நிரலாளரே பராமரிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியலில் எதிர்ப்பணியை எப்போது சேர்ப்பது? அழைப்பு வெற்றியானபின் சேர்த்தால் பிபெலின் அதே ஓட்டை இங்கும் வந்துவிடும். அழைப்புக்கு முன்பே சேர்த்துவிட்டு, நடக்காத பணியை ரத்து செய்தாலும் கெடுதல் வராதபடி எதிர்ப்பணியை எழுதுவதே சரியான முறை. இரண்டு வரிகளின் இடமாற்றம்தான்; ஆனால் 'தெரியவில்லை' என்ற நிலைக்கு விடை அதில்தான் இருக்கிறது.

எஞ்சியிருப்பது, எதிர்ப்பணியே தோற்றால் என்ன செய்வது என்பது. ரத்து வேண்டுகோளுக்கும் டைம்அவுட் வரலாம். திரும்பத் திரும்ப முயன்றும் மறுக்கப்படலாம். பிபெல் 2.0 தரத்துக்குள் மனிதப் பணிக்கு இடமே இருக்கவில்லை. பிபெல்4பீப்பிள் என்ற பெயரில் அது தனி நீட்டிப்பாகவே முன்வைக்கப்பட்டது. மனிதரை விதிவிலக்காகக் கருதிய அந்தப் பிரிப்பு தவறு என்பது என் முடிவு. ஈடுசெய்யும் ஒவ்வொரு பகுதியின் கடைசி வரியும் ஒரு மனிதரின் பணிப்பட்டியலுக்குப் போக வேண்டும்: ஆணை எண், முடிந்த பணிகள், தோற்ற எதிர்ப்பணி, கிடைத்த பிழைச்செய்தி, கெடு எல்லாம் சேர்ந்து. அந்தப் பட்டியலைப் பெறுபவர் சர்வரைக் கவனிக்கும் பொறியாளராக இருப்பதில் பயனில்லை. எதிர்முனை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பேசி, இழப்பில் பாதியை ஏற்கிறோம் என்று சொல்லும் அதிகாரம் உள்ளவராக அவர் இருக்க வேண்டும்.